காம்புப் பக்கம் கீழே

1

இந்தக் கதை ஒரு சமையலறைக் குறிப்பாகப் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல். வார இதழின் கடைசிப் பக்கத்துக்கு முந்நூறு சொல்லில் 'தக்காளி வீட்டில் கெடாமல் இருக்க' என்று ஒரு குறிப்பு வேண்டும் என்றார் இதழாசிரியர் அம்மா. வழக்கமாக எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லையாம். "கதை எழுதற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று வேறு கேட்டார். வேலைதான். தக்காளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வெட்டினால் சட்டையில் தெறிக்கும் என்பதுதான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். சமையலறை விஷயத்தில் அக்கா சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

"எழுதிக்கோ," என்றாள். "வாங்கிட்டு வந்ததும் கழுவாதே. ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும், துணியால துடைச்சா போதும். காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கற மாதிரி கவுத்து வை. அந்தக் குழி வழியாத்தான் உள்ள இருக்கற ஈரம் போகும், வெளியில இருக்கற அழுகல் உள்ள வரும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதே, உரசவும் விடாதே. வாழைப்பழத்துக்குப் பக்கத்துல வைக்காதே, சீக்கிரம் பழுத்துடும். நல்லாச் சிவந்தது ஃபிரிட்ஜுக்கு. பச்சையும் அரைப்பச்சையும் வெளியில, வெயில் படாத இடத்துல. பச்சையைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுல வச்சியோ, அது சொன்ன பேச்சு கேட்டுப் பழுக்கவே பழுக்காது. முக்கியமா அமுக்கிப் பாக்காதே. அமுக்கின இடம் கன்னிப்போய் அங்கேருந்துதான் அழுகும். கண்ணால பாத்து வை, அவ்வளவுதான்."

முந்நூறு சொல் கிடைத்துவிட்டது. அங்கேயே போனை வைத்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அக்கா வைக்கவில்லை.

"இதையேதான் உன் அத்தானுக்கும் சொன்னேன். அவர் பண்ணின கூத்தைக் கேளு," என்று சிரிக்க ஆரம்பித்தாள்.

2

அந்தக் கூத்தைக் கேட்டதும் குறிப்பு கதையாகிவிட்டது. நகைச்சுவைக் கதை. தொடக்கத்துக்கு மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன்.

[அடித்தது: முப்பத்தொரு வருடம் ரயில் ஓட்டிய மனிதரை ஒரு கூடை தக்காளி தோற்கடித்தது.]

[அடித்தது: ஆண்களுக்குச் சமையலறையில் கண் தெரியாது என்று]

இந்த இரண்டாவதை நான் பாதியில் நிறுத்தியது ரசக்குறைவு என்பதால். வேறு காரணமில்லை. அப்போது எனக்கு எதுவும் தெரியாது என்பதற்கு இந்தப் பாதி வாக்கியமே சாட்சி. அதனால்தான் விட்டுவைத்திருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கம் இது: மகளுக்குக் கால் எலும்பு முறிந்து, அவளைப் பார்த்துக்கொள்ள வெளியூர் போன மனைவி பதினெட்டு நாள் கழித்து வீடு திரும்புகிறாள். கணவர் ரயில் ஓட்டுநர். அவள் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, பின்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் தன் தோட்டத்துத் தக்காளியை ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பழுத்தது, காய், இரண்டுங்கெட்டான் எல்லாம் கலந்து. என்ன செய்ய என்று கணவர் போனில் கேட்க, மனைவி மேலே நீங்கள் படித்த விதிகளைச் சொல்லியிருக்கிறாள். அவர் அவற்றை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டார். ஏழு விதி.

வீட்டுக்கு வந்து மனைவி பார்க்கிறாள். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்த தட்டு. தக்காளி ஒவ்வொன்றும் துடைத்து, காம்புப் பக்கம் கீழாக, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கிறது. வாழைப்பழத்தைக் கூடத்துக்கே கடத்திவிட்டிருக்கிறார். ஒன்றிலும் விரல் பதிந்த தடம் இல்லை. ஆனால் தட்டில் சிவப்பும் பச்சையும் கலந்து கிடக்கின்றன. சிவந்தவை வெடித்து, தண்ணீர் மேசைக் கால் வழியாக இறங்கி, எறும்பு ஊர்வலம் போகிறது. ஃபிரிட்ஜைத் திறந்தால் அங்கேயும் சிவப்பும் பச்சையும் கலந்துதான். பச்சை எல்லாம் கல்.

"எல்லாத்தையும் அச்சு பிசகாமப் பண்ணிட்டுக் கலரை மட்டும் கோட்டை விட்டுட்டாருடா!" என்றாள் அக்கா. "ஏங்க, சிவப்பு உள்ள, பச்சை வெளியன்னுதானே சொன்னேன்னா, அவசரத்துல வச்சுட்டேன்மான்னு சிரிக்கறாரு."

நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றே சொல்லவேண்டும்.

3

இனி வருவது தொழில் ரகசியம். கதையில் ஒரு ஆள் தப்பு செய்தால், ஏன் செய்தார் என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசகருக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அது தெரியாமல் எழுதினால் பாத்திரம் பொம்மையாகிவிடும். மறுநாள் பிற்பகல் நான் அந்தக் காரணத்தைத் தேடி உட்கார்ந்தேன்.

சோம்பேறித்தனம் என்று போட்டுப் பார்த்தேன். சோம்பேறி எவனும் நாற்பது தக்காளியைத் துடைத்து விரல் இடைவெளி விட்டு வைக்கமாட்டான். அவசரம் என்று அவரே சொன்னாராம். அதே பதில் அதற்கும். மனைவி மேல் கோபம் என்று போட்டால், கோபக்காரர் வாழைப்பழத்தை எதற்குக் கூடத்துக்குக் கொண்டுபோகிறார்? வேறொரு பெண் வந்து வைத்துவிட்டுப் போனாள் என்று கூட எழுதினேன், ஒன்றரைப் பக்கம். (வெட்கமாக இருக்கிறது. அத்தானை எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். கதைக்காக அவரை ஒன்றரைப் பக்கம் அசிங்கப்படுத்தினேன்.) அந்தப் பெண்ணுக்கும் சிவப்பு தெரிந்திருக்குமே.

விதியைத் தலைகீழாகக் கேட்டுவிட்டார் என்றால்? நல்ல காரணம். ஆனால் தலைகீழாகக் கேட்டிருந்தால் சிவப்பெல்லாம் வெளியிலும் பச்சையெல்லாம் உள்ளேயும் இருந்திருக்கும். அக்கா சொன்னது அப்படியில்லை. இரண்டு இடத்திலும் இரண்டும் கலந்து. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. ஏழு விதியில் ஆறை ஒரு மனிதர் அப்படியே நிறைவேற்றியிருக்கிறார். மீதி ஒன்றில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கை போன போக்கில்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றுவிட்டேன். அமுக்கிப் பார்த்திருந்தால் அவருக்குப் பழம் எது காய் எது என்று தெரிந்திருக்கும். அமுக்காதே, கண்ணால் பார்த்து வை என்று அக்கா சொன்னாள். சொன்ன சொல்லை மீறாத மனிதர் அமுக்கவில்லை.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியவில்லை.

(ரயில் ஓட்டுநர், சிவப்பு, பச்சை. வேண்டுமென்றே ஜோடித்தது போல இருக்கிறது, எனக்கே தெரிகிறது. உடனே அவரை வங்கிக் காசாளராக மாற்றிப் பார்த்தேன். காசாளருக்கு நிறம் தெரியாவிட்டால் யாரும் சாகமாட்டார்கள். கதை செத்துவிடும், அவ்வளவுதான். அந்த மாற்றத்தை அடித்துவிட்டேன்.)

4

அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூக்கைத் தொடத் தலையைச் சுற்றினேன். அத்தான் இப்போதெல்லாம் எப்படிச் சட்டை எடுக்கிறார் என்றேன்.

"நான் எடுத்து வைக்கறதைப் போடறாரு. ஏன்?"

"டிவில பந்தாட்டம் பாக்கறாரா?"

"முன்னாடி பாப்பாரு. இப்போ யார் எந்தக் கட்சின்னே புரியலன்னு விட்டுட்டாரு. டேய், என்னடா கேக்கறே?"

சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. அடுப்பை அணைக்க அவள் போகவில்லை.

"உனக்குக் கதை எழுதி எழுதிப் புத்தி கெட்டுப்போச்சு," என்று வைத்துவிட்டாள்.

5

இந்தக் காட்சியில் நான் இல்லை. இன்று காலை நடந்தது. அக்கா அழுதுகொண்டே சொன்னதை வைத்து எழுதுகிறேன். இதில் மட்டும் நான் ஒன்றும் சேர்க்கவில்லை, நம்புங்கள்.

அவள் காலையிலேயே கடைக்குப் போய்த் தக்காளி வாங்கி வந்தாள். ஆறு பழம், ஆறு காய், எல்லாம் ஒரே அளவு பார்த்துப் பொறுக்கினாள். கடைக்காரர் "என்னம்மா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்க," என்று கேலி செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டால் அவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அவர் மேசையருகே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மாலை ஆறு பத்து வண்டி அவருடையது. அவள் பன்னிரண்டையும் மேசையில் கொட்டினாள்.

"ஏங்க, சட்னிக்கு நல்லாப் பழுத்ததா மூணு எடுத்துக் குடுங்க."

அவர் கை நீண்டது. முதல் தக்காளியை எடுத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்தப் போனார்.

"அமுக்காதீங்க. கண்ணால பாத்து எடுங்க."

கை அப்படியே நின்றது. அவர் தக்காளியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, கையில் இருந்ததை மெதுவாக மேசையில் வைத்தார், காம்புப் பக்கம் கீழாக.

அவர் எடுத்தது காய்.

"எவ்வளவு நாளா?" என்றாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டதாம்.

"ஒரு வருஷம் இருக்கும். அந்த நெஞ்சு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டேன் இல்ல, அது முடியற சமயத்துல கலரெல்லாம் வெளுக்க ஆரம்பிச்சுது. மாத்திரையாலயா வயசாலயா தெரியல. எல்லாம் தூசி படிஞ்ச மாதிரி ஒரே நிறமா இருக்கு."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா ஏட்டுல எழுதுவாங்க. எழுதினா இன்ஜின்ல ஏற விடமாட்டாங்க."

"ரெண்டு மாசம் முன்னாடி ஆபீஸ்ல கண்ணு பாத்தாங்களே! பாஸ்னு ஸ்வீட் வாங்கிட்டு வந்தீங்களே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "புள்ளிப் புத்தகம்தானே. புள்ளிக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்கும், அதைப் படிக்கணும். முப்பது வருஷமா அதே புத்தகம், பக்கம்கூட மாறல. பன்னெண்டு, எட்டு, இருபத்தொம்பது, அஞ்சு, மூணு..."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி முழுப் புத்தகத்தையும் ஒப்பித்தார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துப் போட்ட மனிதரை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

"அப்போ சிக்னலை எப்படிங்க பாக்கறீங்க?"

"ரோட்டு சிக்னலுக்குத் தலைகீழ், மேல விளக்கு எரிஞ்சா போகலாம், கீழ எரிஞ்சா நிக்கணும். இடத்தை வச்சே சொல்லிடுவேன். கலர் எதுக்கு?"

"தூரத்துலேருந்து பாத்தா ஒத்தப் புள்ளியாத்தானே தெரியும்? மழைன்னா?"

"பக்கத்துல உதவி ஓட்டுநர் இருக்கான். அவன் சத்தமாக் கலரைச் சொல்லணும், நான் திருப்பிச் சொல்லணும், அதான் முறை. அவன் சொல்லுவான்."

"அவன் அந்த நேரம் பாத்துத் தும்மினா?"

அவர் தன் கட்சிக்கு வலுச் சேர்ப்பதாக நினைத்து, ஒரு வார்த்தை சொன்னார். "போன வாரம் நீ வந்த வண்டியும் நான்தானே ஓட்டினேன். பத்திரமா வந்து சேந்தே இல்ல?"

அவள் அந்த வண்டியில் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்திருந்தாள். எதிர் இருக்கையில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

6

அடிக்குறிப்பு போல ஒன்று. அத்தான் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது அவரைக் கெட்டவராக்கிவிடக் கை துடிக்கிறது. அப்படி ஆக்கிவிட்டால் எனக்குச் சுலபம், உங்களுக்கும் சுலபம். ஆனால் அவர் அவளிடம் சொன்னது இது:

"பதினாலு மாசம்தான் இருக்கு. என்னைக் கீழ இறக்கி ஒரு மேசைல உக்கார வச்சு ரிஜிஸ்டர் எழுதச் சொல்லுவாங்க. எனக்கு வேற என்னம்மா தெரியும்? இன்ஜின்லேருந்து இறங்கிட்டா நான் யாரு?"

அக்காவுக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. அதை அவள் மறைக்கவில்லை. ஆனாலும் அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"எழுநூறு பேர் ஏறறாங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. இன்னைக்கு வண்டி ஏறறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. நான் யாருக்கும் போன் பண்ணமாட்டேன். உங்க வாயால சொன்னாத்தான் உங்களுக்கு மரியாதை."

"சொல்லிடறேன்," என்றார்.

7

முடிவுகள். இதுவரை மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவில் அவர் ரயில் டிப்போ மருத்துவர் அறைக்கு நேராகப் போகிறார். புள்ளிப் புத்தகத்தை வரிசை மாற்றிக் காட்டச் சொல்கிறார். மருத்துவருக்கு விஷயம் புரிகிறது. கண்ணீர், தோளில் கை, மேசை, ரிஜிஸ்டர். நல்ல முடிவு. இதழாசிரியர் அம்மாவுக்குப் பிடிக்கும்.

இரண்டாவதில் அவர் ஒன்றும் சொல்லாமல் பதினாலு மாதமும் ஓட்டி, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெறுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டுதானே ஒரு வருடமாக அவர் ஏறியிருக்கிறார்.

மூன்றாவதை எழுதத் தொடங்கி, மழை என்று ஒரே ஒரு சொல் போட்டேன். மேலே எழுதக் கை வரவில்லை.

8

இப்போது ஐந்தேகால். பத்து நிமிடம் முன்பு அக்கா கூப்பிட்டாள். காலையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தவுடன், இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மா மேல் ஆணையாகச் செய்து கொடுத்திருந்தேன்.

"நாலு மணிக்கே கிளம்பிட்டாரு. கிளம்பும்போது என் முகத்தைப் பாத்துச் சொல்லிடறேன்னுதான் சொன்னாரு. இப்போ போன் பண்ணினா எடுக்கல. டாக்டர் ரூம்ல இருப்பாரு, இல்ல?"

"இருக்கலாம்க்கா."

"நீ கதை எழுதறவன்தானே. யாரும் சொல்லாம நீயா யோசிச்சுத்தானே கண்டுபிடிச்சே? இதையும் யோசிச்சுச் சொல்லு. அவர் சொல்லிடுவாரா, மாட்டாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"ராத்திரிக்கு வண்டியில சாப்பிடற டப்பாவையும் எடுத்துட்டுப் போயிருக்காரு. நான் வேற எதையோ யோசிச்சிட்டுக் கட்டி வச்சுட்டேன், அவரும் பையில வச்சுக்கிட்டாரு. பழக்கத்துல எடுத்திருப்பாரு, இல்லடா?"

"பழக்கம்தான்க்கா. சொல்லிடுவாரு, கவலைப்படாதே," என்றேன்.

இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். இவ்வளவு பச்சையான பொய்யை எந்தப் பாத்திரத்தின் வாயிலும் நான் வைத்ததில்லை. போனை வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? இங்கே வந்து உட்கார்ந்து எட்டு என்று எண் போட்டு, இந்தப் பகுதியை எழுத ஆரம்பித்தேன். அதுதான் எனக்கு இன்றைய பெரிய அதிர்ச்சி. எழுநூறு பேர் பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கும் நேரத்தில், நான் மூன்றாவது முடிவின் வாக்கியம் சரியாக வரவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

ஐந்து இருபத்திரண்டு. டிப்போவின் போன் எண் கால்மணி நேரமாக இந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக் கிடக்கிறது. அழைத்தால் அக்கா என்னோடு இந்த ஜென்மத்தில் பேசமாட்டாள். அத்தானை அவர் வாயால் சொல்ல விடாமல் செய்தவன் நானாவேன். ஒருவேளை அவர் இந்த நிமிடம் மருத்துவர் அறை வாசலில் நின்றுகொண்டிருக்கலாம், டப்பாவும் கையுமாக. அவரை நீங்களும் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அவர் உள்ளே போவாரா, இன்ஜினை நோக்கி நடப்பாரா என்று என் அளவுக்கு உங்களாலும் சொல்ல முடியும். எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு போன் பண்ண வேண்டியிருக்கிறது.